ஹார்கிஸ் போட்ட மட்டம்

இந்த வருஷமும் கன்று செத்துப்போயிருந்தது. ஹார்கிஸ் விட் குனிந்து அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கொஞ்சம்கூட முரண்டு பண்ணாமல் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து அழுகி, மூலையில் கிடந்த ஈரத்துணி போல நாறியது.

"மான் தின்னுருச்சுன்னு மட்டும் சொல்லாத மச்சான்," என்றான் எஸ்டில், பிக்கப் வண்டியின் கதவில் சாய்ந்துகொண்டு. "அது போன வருஷக் கதை. அதுக்கு முந்தி வெயிலு. இந்த வருஷம் பழிய யார் தலையில கட்டப்போற?"

எஸ்டில் ஸ்பர்லாக், ஹார்கிஸின் மனைவி லொவீனாவின் தம்பி. அறுபதைத் தாண்டியும் வாய் அடங்காத ஆள். அக்கா இருந்தவரை அவள் அதட்டி அடக்கினாள். அவள் போன பிறகு அவனை அதட்ட ஆளில்லை, ஹார்கிஸைத் திட்ட அவனை விட்டால் வேறு ஆளும் இல்லை. அதனால்தானோ என்னவோ இருவரும் எங்கே போனாலும் சேர்ந்தே போனார்கள்.

ஹார்கிஸ் கன்றை லொவீனாவின் கல்லறைக்குப் பக்கத்தில் கிடத்தினார். கல்லில் இரண்டு பெயர்கள் வெட்டியிருந்தன. லொவீனாவின் பெயருக்குக் கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் இருந்தன. ஹார்கிஸின் பெயருக்குக் கீழே பிறந்த வருஷம் மட்டும். மற்றது இன்னும் காலி. புல் வெட்ட வரும்போதெல்லாம் எஸ்டில், "உன் பக்கத்தையும் வெட்டிவிடவா, இல்ல வந்து படுத்தப்புறம் பாத்துக்கறியா?" என்று கேட்காமல் இருக்க மாட்டான்.

மே மாதக் கடைசியில் ஊரே கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து, அங்கேயே துணி விரித்துச் சாப்பிடுகிற நாள் வருகிறது. அன்றைக்கு லொவீனாவின் தலைமாட்டில் ஒரு சர்விஸ் மரம் நிற்க வேண்டும் என்பதுதான் ஹார்கிஸ் அவளுக்குக் கொடுத்த வாக்கு. கென்டக்கி மலைகளில் மற்ற மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்கும்போதே வெள்ளையாகப் பூத்துவிடுகிற மரம் அது. அந்தக் காலத்தில் பனிக்காலத்தில் செத்தவர்களைச் சத்தமில்லாமல் புதைத்துவிட்டு, பாதை திறக்கும்வரை காத்திருப்பார்கள். அந்த மரம் பூக்கிற சமயத்தில்தான் பிரசங்கியார் கழுதை மேல் ஏறி வந்து செத்தவர்களுக்காக ஜெபக்கூட்டம், அதாவது சர்விஸ், நடத்துவார். அப்படித்தான் மரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லொவீனா ஜனவரியில் சாகக் கிடந்தபோது, "பிரசங்கியாருக்கு வாய் ஓயாது. எனக்கு அந்த மரமே போதும். வருஷத்துக்கு ஒருதடவ பூக்கும், அப்புறம் வாய மூடிக்கும்," என்றாள். ஹார்கிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். மனைவி கடைசியாகக் கேட்டது ஒரே ஒரு மரம். அதைக் கொடுக்க அவரால் முடியவில்லை.

இத்தனைக்கும் அந்த நிலத்தை உண்டாக்கியவரே அவர்தான்.

கல்லறை நிற்கிற ஸ்பர்லாக் மேடு ஒருகாலத்தில் மலையாக இருந்தது. லொவீனாவின் அப்பா பாட்டன் எல்லோரும் அதன் மேலேயே பிறந்து அதன் மேலேயே அடங்கியவர்கள். உள்ளே நிலக்கரி இருந்ததால் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், வெடி வைத்து மலையின் தலையைச் சீவினார்கள், கரியை அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளி முடித்த பிறகு உடைந்த கல்லையும் மண்ணையும் கொட்டி, புல்டோசர் விட்டு நிரவி, புல்விதை தெளித்துவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். அந்த வேலைக்கு இங்கே 'திருப்பி வைப்பது' என்று பெயர். ஏதோ அலமாரியிலிருந்து எடுத்த டப்பாவை எடுத்த இடத்தில் வைக்கிற மாதிரி. திருப்பி வைக்கிற டோசர் ஓட்டிகளில் ஹார்கிஸ் விட் பெயர் சொன்னால் வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது. வேலை முடிந்ததும் மண் தள்ளுகிற பிளேடைத் தரையில் படுக்கப் போட்டு, பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்து, தன் வண்டியின் தடத்தைத் தானே துடைத்துவிட்டு இறங்குவார். சோதிக்க வருகிற அதிகாரிகள் பளபளப்பான ஷூவோடு அவர் போட்ட மட்டத்தில் நடந்துவிட்டு, தூசி தட்டாமல் காரில் ஏறிப் போவார்கள்.

மலையைக் கம்பெனிக்குக் கொடுக்க லொவீனா முதலில் கையெழுத்துப் போட மறுத்தாள். அம்மாவின் கல்லறை அங்கே இருந்தது, பாட்டியின் கல்லறையும் இருந்தது. ஹார்கிஸ்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளைக் கரைத்தார்.

"எடுக்கறதுதான் அவங்க. திருப்பி வைக்கறது நான். நான் வச்சா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அந்தப் பெருமையில் அவளுக்கும் பங்கு இருந்தது. கையெழுத்துப் போட்டாள். கல்லறைகளைத் தோண்டி எடுத்துக் கீழே சர்ச் பக்கத்தில் வைத்தார்கள். எஸ்டிலுக்கு அன்றைக்கு ஆரம்பித்த கோபம்தான் இன்றுவரை கேலியாக வடிந்துகொண்டிருக்கிறது.

வேலை முடிந்த அன்று ஹார்கிஸ் அவளை மேலே கூட்டிக்கொண்டு போனார். அவளுடைய பிறந்த வீடு இருந்த இடத்தை மட்டும் மற்ற எந்த இடத்தையும்விட அதிகத் தடவை ஓட்டி, அழுத்தி, இழைத்து வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த பரிசு அதுதான். பிளாஸ்க் மூடியில் விளிம்புவரை காபி ஊற்றி, வெறும் தரையில் வைத்து, "பாரு, ஒரு சொட்டு சாயுதான்னு பாரு," என்றார்.

லொவீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காபியைப் பார்த்தாள். பிறகு நாலாபக்கமும் பார்த்தாள்.

"காபி நிக்குது, சரி. ஏய்யா, மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்?"

ஹார்கிஸ் வாய்விட்டுச் சிரித்தார். பெண்பிள்ளை கேட்கிற கேள்வி என்று நினைத்தார். மடையன்.

பல வருஷம் கழித்து, சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், தன்னை மேட்டிலேயே புதைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். "நீதான் திருப்பி வச்சுட்டேன்னு சொன்னியே. அப்ப என்னையும் அங்கயே வச்சிடு." நம்பிச் சொன்னாளா, குத்திக்காட்டினாளா என்று ஹார்கிஸுக்குப் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை. குழி வெட்டப் போன உறவுக்காரர்கள் கடப்பாரை எகிறி எகிறி விழுந்ததில் கை மரத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் பொக்லைன் வந்துதான் குழியைக் குடைந்தது.

எஸ்டில் செத்த கன்றைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தபோது, மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். கையில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. முப்பது வயது இருக்கலாம். பூட்ஸ் முழுக்கச் சேறு.

"ஐயா, நீங்கதான் ஹார்கிஸ் விட்டா? நான் ட்ரெசா. பழைய சுரங்க மேட்டுல காடு வளக்கற குழுவுல இருந்து வர்றேன். போன்ல பேசினேனே."

"அவரேதான்," என்றான் எஸ்டில். "நல்ல நேரத்துல வந்த. இங்க ஒரு கன்னு செத்துக் கெடக்குது, துக்கம் கேட்டுட்டுப் போ."

ட்ரெசா சிரிக்கவில்லை. குனிந்து வேரைப் பார்த்தாள். பிறகு கம்பியைத் தரையில் நட்டு, தன் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டாள். விரல்நீளம் இறங்கிற்று. அப்புறம் அசையவில்லை. இன்னோர் இடத்தில் போட்டாள். அங்கேயும் அதே கதை.

"இங்க டோசர் ஓட்டினது யாருன்னு தெரியுமா ஐயா?"

"நான்தான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "ரொம்ப... சுத்தமா பண்ணியிருக்கீங்க."

"மட்டமா பண்ணியிருக்காருன்னு பட்டுன்னு சொல்லும்மா. வெக்கப்படாத," என்றான் எஸ்டில்.

"நீ சும்மா இரு மாப்ள." ஹார்கிஸ் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா கோளாறு? சொல்லு."

"உங்க கோளாறு இல்ல ஐயா. அப்ப எல்லாரும் இப்படித்தான் கேட்டாங்க, இப்படித்தான் பண்ணாங்க. ஆனா அவ்வளவு பாரத்த ஏத்தி ஏத்தி இறக்கினதுல மண்ணு இறுகிப்போச்சு. புல்லு வரும், முள்ளு வரும். மரத்துக்கு வேரு இறங்காது. இதுல குழி தோண்டி கன்னு வச்சா, ஓட்டை இல்லாத சட்டியில வச்ச மாதிரி. மழைக்குத் தண்ணி உள்ள எறங்கும், வெளிய போக வழி இருக்காது. வேரு ஊறி அழுகிரும்."

ஓட்டை இல்லாத சட்டி. அந்த வார்த்தை எங்கோ போய்த் தைத்தது. எங்கே என்று பார்க்க ஹார்கிஸ் விரும்பவில்லை. அதற்குப் பதிலாகக் கோபப்பட்டார்.

"என் மட்டத்த ஆபீசருங்க போட்டோ புடிச்சுட்டுப் போனாங்கம்மா. மத்த எடத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாங்க. இப்படிப் போடணும்டான்னு."

"தெரியும் ஐயா."

"தெரியும்னா?"

"மத்த எடத்துலயும் மரம் வரல."

எஸ்டில் பிக்கப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காற்றில் முட்செடிகள் மட்டும் உரசிக்கொண்டிருந்தன. ஹார்கிஸ் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்ன பண்ணினா சர்விஸ் வரும்?"

"டோசருக்குப் பின்னாடி இரும்புக் கொம்பு மாட்டி, இடுப்பாழத்துக்குக் கீறணும். குறுக்கயும் நெடுக்கயும். அப்புறம் நிரவக் கூடாது, கரடுமுரடா அப்படியே விட்டுறணும். பாக்க எவ்வளவு அசிங்கமா இருக்கோ அவ்வளவு நல்லது."

"அசிங்கமாவா?" எஸ்டிலுக்கு உயிர் திரும்பிவிட்டது. "அதுக்கு இவரு லாயக்கில்லம்மா. வேற ஆளப் பாரு."

"வேற எவனும் வேண்டாம்," என்றார் ஹார்கிஸ். "இத நான் போட்டேன். நானே கிழிக்கறேன்."

நெஞ்சில் சுரங்கத் தூசி உட்கார்ந்துகொண்ட ஆள் அவர். வண்டியிலிருந்து கல்லறைவரை நடந்தாலே நின்று மூச்சு வாங்க வேண்டும். ஒஹையோவில் இருந்த பிள்ளைகள் போனில் கத்தினார்கள். டாக்டர் கூடாது என்றார். ஹார்கிஸ் எல்லோருக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு, மண் காய்ந்த இலையுதிர் காலத்தில், மூக்கில் முகமூடியைக் கட்டிக்கொண்டு டோசரில் ஏறினார்.

முதல் கீறலைத் தொடங்கினார். கொம்பு இறங்கியதும் தரை முனகியது. பிறகு அடியில் ஏதோ வெடிக்கிற சத்தம், பாளம் பாளமாகத் தரை தூக்கிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் தரையில் ஒரு தடம் விடக்கூடாது என்று வாழ்ந்த மனுஷன், தன் கையாலேயே தன் வேலையைக் குதறிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தால் நல்ல மேசைவிரிப்பை நாய் கிழித்துப் போட்டது போல இருந்தது. கை தன்னாலேயே பிளேடை இறக்கி நிரவப் பார்த்தது. கையைக் கடிந்துகொண்டார். மத்தியானம் பொலோனி இறைச்சி வைத்த ரொட்டியைச் சாப்பிட இறங்கியபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அழுகிறாயா என்று எஸ்டில் கேட்டான். தூசி என்று இவர் சொன்னார். எஸ்டிலும் நல்லவேளையாக நம்புகிற மாதிரி நடந்துகொண்டான்.

ஆனாலும் உள்ளே ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டின் நாலா மூலையிலிருந்தும் கீறிக்கொண்டு வந்து, கடைசியில் லொவீனாவிடம் வந்து முடிப்பது என்பது அவர் கணக்கு. அவளுடைய தலைமாட்டைத்தான் எல்லாவற்றையும்விடப் பொலபொலவென்று உதிர்த்து வைக்கப் போகிறார். அடுத்த வசந்தத்தில் கன்று, அதற்கப்புறம் பூ. நினைக்க நினைக்க நெஞ்சு லேசானது.

மேடு முழுவதும் கீறி, கல்லறையை நெருங்கியபோது, சுற்றிலும் ட்ரெசா குச்சி நட்டு இளஞ்சிவப்பு நாடா கட்டியிருப்பதைப் பார்த்தார். சின்னக் கட்டம் இல்லை. ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"இத அவுத்துவிடும்மா. உள்ள போகணும்."

"முடியாது ஐயா." அவள் ஏற்கனவே இதை எதிர்பார்த்துத் தூங்காமல் இருந்தவள் போல இருந்தாள். "கொம்பு இறங்கினா பக்கவாட்டுல தரை எவ்வளவு தூரம் பிளக்கும்னு நீங்களே பாத்தீங்க. கல்லறைக்குப் பக்கத்துல விடக்கூடாது. சட்டமும் விடாது, நானும் விட மாட்டேன்."

"தலமாட்டுல மட்டும்."

"தலமாட்டுலதான் ஐயா ரொம்ப ஆபத்து."

"அப்ப நான் எதுக்கு இவ்வளவையும் கிழிச்சேன்?" ஹார்கிஸ் கீறிய தரையைக் கை காட்டினார். "இந்த மேடு காடானா என்ன, கட்டாந்தரையா கெடந்தா எனக்கென்ன? அவ தலமாட்டுல ஒரு மரம். அவ்வளவுதான் நான் கேட்டது."

ட்ரெசா நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹார்கிஸ் நாடாவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், டோசரைப் பார்த்தார். வேலைக்காரன் மூளை, வழி இல்லாத இடத்திலும் வழி தேடிக்கொண்டு ஓடிற்று. ஓடிய இடத்திலிருந்து வாயும் பேசிவிட்டது.

"பொக்லைன் வரட்டும். அவளக் கொஞ்ச நேரத்துக்குத் தூக்கிடுவோம். கீறி முடிச்சதும் திருப்பி வச்சுடலாம்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திருப்பி வச்சுடலாம்.

எஸ்டில் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தவன் மெல்ல இறங்கினான். கேலி பண்ணுவான் என்று ஹார்கிஸ் காத்திருந்தார். கேலி பண்ணியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"எங்கம்மாவத் தூக்கின," என்றான் எஸ்டில். "பாட்டியத் தூக்கின. மலையத் தூக்கின. எல்லாத்தையும் திருப்பி வச்சுட்ட. இவ ஒருத்திதான் மச்சான் வச்ச எடத்துல இருக்கா. இவளையும் தூக்கப் போறியா?"

ஹார்கிஸ் அப்படியே டோசரின் சங்கிலிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. ட்ரெசா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. கடைசிவரை கம்பெனி ஆளாகவே இருந்துவிட்டோம் என்ற எண்ணம் அவரைத் தின்றது. லொவீனா இருந்திருந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். பிறகு ஹார்கிஸ் எழுந்து வண்டியில் ஏறி, நாடாவைத் தொடாமல், கட்டத்தைச் சுற்றிக் கீறி முடித்தார். மேடு முழுக்கக் குதறிக் கிடந்தது. நடுவில் அந்தக் கட்டம் மட்டும் மொழுமொழுவென்று, வட்டாரமே மெச்சிய பழைய ஹார்கிஸ் மட்டமாக, அப்படியே இருந்தது.

குளிர்காலக் கடைசியில் ட்ரெசாவின் ஆட்கள் வந்து மேடு முழுக்கக் கன்று நட்டார்கள். ஓக், செஸ்நட், வால்நட், என்னென்னவோ. சர்விஸ் கன்று ஒன்றை அவள் தனியாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஹார்கிஸிடம் கொடுத்தாள். நாடா கட்டியிருந்த எல்லைக்கு வெளியே, கீறிய மண்ணில், கல்லறைக்கு மிகக் கிட்டத்தில் எது இடமோ அங்கே அவர் அதை நட்டார். மண்வெட்டி பொசுக்கென்று உள்ளே போயிற்று. இந்த மேட்டில் அவர் கையில் மண் அப்படி இளகியது அதுதான் முதல் தடவை. நட்டுவிட்டு நின்று பார்த்தார். மரம் பெரிதாகி, கிளை விரித்து, நிழல் அவள் தலைமாட்டைத் தொட வேண்டுமானால், அதைப் பார்க்க அவர் இருக்க மாட்டார். சரியாகச் சொன்னால் இருப்பார், கல்லுக்குக் கீழே, அவள் பக்கத்தில்.

"பரவால்ல மச்சான்," என்றான் எஸ்டில். "பூத்தா காத்துல நாலு பூ அந்தப் பக்கம் விழாதா?"

அவன் ஆறுதல் சொன்னது ஹார்கிஸுக்குக் கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரலில் மழை பிடித்துக்கொண்டது. ஓடைகள் பொங்கி, கீழே சாலை முழுகி, சர்ச் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தது. மழை விட்ட அன்று காலையில் ஹார்கிஸ் எஸ்டிலை எழுப்பி மேட்டுக்கு வண்டி விடச் சொன்னார். கன்றுகள் அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று பயம் என்றார்.

கன்றுகள் நின்றன. குதறிய தரை அத்தனை மழையையும் குடித்துவிட்டு, காலடியில் மெத்தென்று இருந்தது. எங்கேயும் தண்ணீர் தேங்கவில்லை. குச்சி குச்சியாக நின்றவற்றில் பச்சை முளை விட்டிருந்தது. எல்லைக்கு வெளியே நின்ற சர்விஸ் கன்றில், நம்பவே முடியாமல், நாலைந்து வெள்ளைப் பூ. ஹார்கிஸ் ஒரு நிமிஷம் அதன் முன்னால் நின்றார். சிரிப்பு வரப்பார்த்தது.

பிறகு கல்லறைப் பக்கம் திரும்பினார்.

கட்டம் முழுக்கத் தண்ணீர், இறுகிய ஓரம் வரப்பு போலத் தடுத்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு பக்கமும் சாயாமல், விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே மட்டமாக நின்றது. கல்லில் இருந்த இரண்டு பெயர்களும் தலைகீழாக அதில் தெரிந்தன. நடுவில், அவள் படுத்திருக்கிற நீளத்துக்கு, மண் கொஞ்சம் அமுங்கித் தண்ணீர் கருத்துத் தெரிந்தது. அந்த இடத்திலிருந்து, நிதானமாக, ஒன்றன் பின் ஒன்றாகச் சின்னக் குமிழிகள் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டை இல்லாத சட்டி. ட்ரெசா சொன்ன அன்று எங்கே தைத்தது என்று பார்க்க மறுத்த இடம் இதுதான். கன்றுக்கு வெட்டின குழி சட்டி என்றால், அவளுக்கு வெட்டின குழி என்ன? எத்தனை மழைக்காலம் போயிருக்கிறது? வருஷா வருஷம் பிடுங்கிப் பார்த்தாரே, கறுத்துப்போன வேர், ஈரத்துணி நாற்றம். மரத்துக்காக அழுதுகொண்டு அவள் மேலேயே நின்றிருக்கிறார்.

ஹார்கிஸ் தண்ணீருக்குள் இறங்கி முழங்காலிட்டார். தொப்பியைக் கழற்றி மொண்டு மொண்டு எல்லைக்கு வெளியே வீசினார். வீசிய இடத்தை மற்ற தண்ணீர் உடனே நிரவியது. அவரே நிரவுவது போல, அவ்வளவு சுத்தமாக.

"மச்சான். ஏய் மச்சான். என்ன பண்ற?" எஸ்டில் ஓடிவந்தான். பார்த்தான். குமிழியையும் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவன் முகத்தை ஹார்கிஸ் பார்க்கவில்லை, பார்க்கத் தெம்பில்லை.

"கடப்பாரை வண்டியில கெடக்குது," என்றான் எஸ்டில் கடைசியில்.

கீறிய தரை எங்கே கிட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் வாய்க்கால் போயாக வேண்டும். அது சர்விஸ் கன்று நிற்கிற பக்கம். எஸ்டில் கடப்பாரையால் குத்தினான், ஹார்கிஸ் மண்வெட்டியால் இழுத்தார். கடப்பாரை குத்திய இடத்தில் பொறி பறந்தது. "என்ன எழவு மண்ணுடா இது, இரும்பு கெட்டுது போ," என்று எஸ்டில் திட்டிக்கொண்டே குத்தினான். யார் போட்ட மண் என்று கேட்கவில்லை. ஹார்கிஸுக்கு மூச்சு முட்டியது. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கையால் சல்லியைப் பறித்தார். நகம் பிய்ந்தது. சாயங்காலம் வருவதற்குள் கல்லறையின் ஓரத்திலிருந்து எல்லைவரை ஒரு கோணல்மாணலான கீறல் விழுந்திருந்தது. அவர் வாழ்நாளில் செய்ததிலேயே அசிங்கமான வேலை.

கடைசிப் பாளத்தை எஸ்டில் பெயர்த்தபோது தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு அசைந்தது. முதலில் நூலாக, அப்புறம் கயிறாக வாய்க்காலில் வழிந்து, குதறிய தரைக்குள் புகுந்து, சர்விஸ் கன்றின் காலடியில் சத்தமில்லாமல் மறைந்துபோயிற்று.

"தண்ணி எங்க போகும்னு கேட்டா மாப்ள," என்றார் ஹார்கிஸ். மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினார். "அன்னைக்கே கேட்டா. மேல வந்து நின்னு, காபியப் பாத்துட்டு, கேட்டா. நான் சிரிச்சேன்."

எஸ்டில் அவர் பக்கத்தில், சேற்றிலேயே உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து புகையிலையை எடுத்தான், நனைந்திருந்தது, திரும்ப வைத்தான். இருவரும் தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, வெறும் ஈரத்தரை ஆயிற்று. கல்லில் இருந்த பெயர்கள் மறுபடி நேராயின. அமுங்கிய இடத்தில் மட்டும் ஒரு கை அளவு தண்ணீர் மிஞ்சி நின்றது. ஹார்கிஸ் தவழ்ந்து போய் அதைத் தொப்பியால் ஒற்றி எடுத்துப் பிழிந்தார்.

மேலே நின்ற தண்ணீர் போய்விட்டது. கீழே நிற்பதைப் பற்றி அவர்கள் அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.